இரவல் வண்டியும் இரும்புக் கோடரியும்



இத்தொடரில் சென்ற மாதம் கைமாற்றாக வாங்கும் பணத்தைப் பற்றித் தியானித்தோம். இம்மாதம் கைமாற்றாக வாங்கும் பொருளைப் பற்றி, அதிலும் குறிப்பாக இரவல் வண்டியைப் பற்றி எழுத ஆவியானவர் என்னை ஏவினார். "வண்டியைப் பற்றி எழுத ஆவிக்குரிய பத்திரிகையில் என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். நகரத்துக்குப் பிழைக்க வந்த நம்முடைய சபைக் குடும்பங்களில் சொந்தக் கார் உள்ளவர்கள் சிலரே. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவும், பெண் பார்க்கப் போகவும், பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு ஓடவும், கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போகவும் ஒரு சகோதரரின் வண்டியை மற்றொரு சகோதரர் கேட்டு வாங்குவது நம்மிடையே வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் சபைகளில் மனக்கசப்பு உண்டாவதற்குப் பெரிய உபதேச வேறுபாடுகள் தேவையில்லை. இரவல் வாங்கிய ஒரு வண்டி போதும். இதை நான் பிறரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. என்னுடைய சொந்தத் தவறினாலேயே கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்லுகிறேன்.

2012-ஆம் ஆண்டு மே மாதம். எங்கள் சபையிலிருந்து வேலையின் நிமித்தம் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தார் ஆந்திராவிலுள்ள வரதய்யபாளையத்தில் குடியிருந்தார்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாகத் தடா சென்று, நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பிச் செல்ல வேண்டிய ஊர். அன்றைக்குச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அருகே ஸ்ரீசிட்டி தொழில்நகரம் எழும்பியதினால் தமிழ்க் குடும்பங்கள் பல அப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. எல்லைப்புறம் ஆகையால் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். அந்தக் குடும்பத்தார் தங்கள் குழந்தையை ஆண்டவருக்குப் பிரதிஷ்டை செய்ய என்னை ஞாயிறு மதியத்துக்கு அழைத்திருந்தார்கள்.

எங்கள் சபையில் ஒரு சகோதரர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். அவருடைய பழைய மாருதி ஆம்னி வேன்தான் அவருக்குக் கையும் காலும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு ஓய்வு. நான் கேட்டவுடன் தயங்காமல் கொடுத்தார். சாவியைக் கையில் வைக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "ஐயா, ஆயில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க. சீட்டைத் தூக்கினா கம்பி இருக்கும்."

நான் தலையசைத்தேன். பெட்ரோல் போட்டேன், நான்கு சக்கரங்களுக்கும் காற்று அடித்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். வெளியே தெரிகிறவை அனைத்தையும் செய்துவிட்டேன். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் அமர்ந்திருப்பவர்கள் இறங்கி, இருக்கையைத் தூக்க வேண்டும். ஆராதனை முடிந்து நேரமாகிவிட்டது, ஆறு பேர் ஏறி அமர்ந்தும்விட்டார்கள். பார்க்கவில்லை.

பிரதிஷ்டை ஜெபம் ஆசீர்வாதமாக நடந்தது. திரும்பும் வழியில், தடாவை நெருங்குகையில், முன்பலகையில் எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு திருப்பங்களில் மினுக்கியது. நெடுஞ்சாலையில் ஏறின பின்பு அது அணையவே இல்லை. அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆயினும் மாலை ஆறரை மணிக்குக் கூட்டம் இருந்தது. "கும்மிடிப்பூண்டி வரை போய்விடலாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். என் அவசரத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். ஆரம்பாக்கம் தாண்டியதும் எஞ்சினிலிருந்து டக் டக் என்று தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிற்று. ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அங்கே கிடைத்த எண்ணெயில் ஒரு லிட்டர் வாங்கி ஊற்றினேன். கம்பியை எடுத்துப் பார்க்கப் பொறுமையில்லாமல், எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு லிட்டரையும் ஊற்றினேன். விளக்கு அணைந்தது. சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

இரவு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சகோதரர், "வண்டி தொந்தரவு ஒன்னும் கொடுக்கலையே ஐயா?" என்று கேட்டார். நான், "நன்றாக ஓடியது, ஸ்தோத்திரம்" என்றேன்.

பிரியமானவர்களே, எண்ணெய் பார்க்காதது என் அசட்டை. விளக்கு எரிந்தும் ஓட்டியது என் பிடிவாதம். ஆனால் இந்த மூன்றாவது வார்த்தை பாவம். அதிலும் ஸ்தோத்திரம் என்ற பரிசுத்தமான சொல்லைச் சேர்த்துச் சொன்ன பொய்.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டுப் பாத்திரங்களோடு அந்த வண்டி நடுவழியில் நின்றது. எஞ்சின் பேரிங்குகள் எரிந்து இறுகிவிட்டன. எண்ணெய் இல்லாமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள், பிறகு அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள் என்று மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார். அன்று ஒரு விடுதியின் தொழிலாளர்கள் பசியோடு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த விடுதிக்காரர் மறுவாரமே வேறொருவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். சகோதரர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பேருந்தில் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் முழங்கால்படியிட்டார். அன்று என் வாயில் ஜெபம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்பதே.

அந்த இரவில் 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தீர்க்கதரிசிகளின் புத்திரர் தங்களுக்கு இடம் போதவில்லை என்று யோர்தானுக்குப் போய் மரம் வெட்டுகிறார்கள். ஒருவனுடைய கோடரியின் இரும்பு கழன்று தண்ணீரில் விழுகிறது. அவன் உடனே கூப்பிடுகிறான். அவனுடைய துக்கம் இரும்பு போனதற்காக மட்டுமல்ல, அது இரவலாக வாங்கினது என்பதற்காக. இஸ்ரவேலில் ஒரு காலத்தில் கலப்பைக் கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குக்கூடப் பெலிஸ்தரிடம் போக வேண்டியிருந்தது (1 சாமு. 13:19,20). ஏழைச் சீஷனால் இரும்பை எளிதில் ஈடு செய்ய முடியாது.

இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவன் செய்துகொண்டிருந்தது தேவனுடைய வேலை. ஆயினும் "ஊழியத்தில்தானே தொலைந்தது, உடையவர் பொறுத்துக்கொள்ளட்டும்" என்று அவன் சொல்லவில்லை. இரண்டாவது, அவன் மறைக்கவில்லை. வெறும் காம்பைக் கொண்டுபோய் உடையவன் வீட்டு வாசலில் சாத்திவைத்துவிட்டு நழுவவில்லை. மூன்றாவது, எலிசா முதலில் கேட்டது, அது எங்கே விழுந்தது என்பதே. அவன் இடத்தைக் காண்பித்தான். இடத்தைக் காண்பித்த பின்புதான் இரும்பு மிதந்தது. நானோ ஆண்டவரிடம் இரும்பை மிதக்கச் செய்யும்படி ஜெபித்துக்கொண்டிருந்தேன், விழுந்த இடத்தை மாத்திரம் காண்பிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், தடாவில் விளக்கு எரிந்தது முதல் அனைத்தையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் ஐயா. ஆயில் டப்பா மூடி சீட்டுக்கு அடியிலேயே கிடந்துச்சு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றார். வண்டி போனதைவிட, அந்த ஐந்து நாட்கள் என் வாய் திறக்காதது அவரை அதிகமாய்க் காயப்படுத்தியிருந்தது. பழுதுபார்க்கும் செலவை நான் தருகிறேன் என்றபோது, ஊழியக்காரரிடம் எப்படி வாங்குவது என்று மறுத்தார். அவருடைய மனைவிதான், "வாங்கிக்கிடுங்க, ஐயா மனசு ஆற வேண்டாமா" என்றார்கள். சபைப் பொருளாளர் சபை நிதியிலிருந்து கொடுக்கலாம் என்றார். தவறு சபையுடையதல்ல, என்னுடையது என்று சொல்லி, என் வருமானத்திலிருந்தே மாதாமாதம் கொடுத்துத் தீர்த்தேன். எஞ்சினுக்கு ஈடு கொடுக்க முடிந்தது. அவர் இழந்த அந்த விடுதி வேலைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை. அது இன்றும் என் மனதில் உண்டு.

தேவபிள்ளைகளே, வேதம் இரவலைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகிறது. யாத்திராகமம் 22:14,15-ஐ வாசித்துப் பாருங்கள். ஒருவன் அயலானிடம் இரவலாக வாங்கின மிருகம் உடையவன் கூட இல்லாதபோது சேதப்பட்டால் அல்லது செத்தால், வாங்கினவன் ஈடு செய்ய வேண்டும். உடையவன் கூட இருந்தால் ஈடு செய்ய வேண்டியதில்லை. வாடகைக்கு வாங்கியிருந்தால் அந்தச் சேதம் வாடகையோடு சரி. எத்தனை நியாயமான பிரமாணம்! கண்காணிக்க உடையவன் அருகில் இல்லாதபோது, அவனுடைய கண்ணாக நாம் இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அந்தப் பழமொழிக்கு நேர் எதிரானது இந்தப் பிரமாணம்.

இரவலைக் குறிக்க எபிரெய வேதத்தில் வரும் மூலச்சொல் ஷாஅல் என்பது. கேட்டல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். இந்தப் பிரமாணத்திலும், கோடரி விழுந்த சம்பவத்திலும், எண்ணெய் பெருகின விதவையிடம் அயலார் வீட்டு வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கும்படி எலிசா சொன்ன இடத்திலும் (2 இரா. 4:3) அதே மூலச்சொல்தான் வருகிறது. இரவல் என்பது கேட்டு வாங்கினது. கேட்கத் தெரிந்த வாய்க்கு, நடந்ததைச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, நடைமுறைக் காரியங்களைச் சொல்லுகிறேன். ஒரு சகோதரரின் வண்டியைக் கையில் வாங்கும்போது இவைகளை நினைவில் வையுங்கள்.

1. எஞ்சின் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழே வடிய ஐந்து பத்து நிமிடங்கள் பொறுங்கள். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடியும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெயின் தடம் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். பல கார்களில் இவ்விரு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும். ஆகவே ஊற்ற வேண்டியிருந்தால் கால் லிட்டராக ஊற்றி, பொறுத்து, மறுபடியும் பாருங்கள். மேற்கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது, சீல்களிலும் கசியும். குறைவும் கேடு, மிகுதியும் கேடு. எந்த எண்ணெய் என்பதை (20 டபிள்யூ 40, 5 டபிள்யூ 30 என்பன போன்றவை) உடையவரிடமோ வண்டியின் கையேட்டிலோ கேட்டறியுங்கள். மோட்டார் சைக்கிளை இரவல் வாங்குகிற வாலிபர்களே, சாதாரண வண்டிகளில் மொத்த எண்ணெயே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதில் சிறிது குறைந்தாலும் பெரிய குறைவு.

2. சிவப்பு விளக்கு. எண்ணெய்க் குவளை விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்போது எஞ்சினின் உட்பாகங்களுக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அடுத்த ஊர் வரை என்ற பேச்சே கூடாது. பாதுகாப்பான ஓரத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடங்களில் பேரிங்குகள் எரிந்துபோகும்.

3. கூலண்ட். எஞ்சின் சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் அழுத்தத்தோடு முகத்தில் பாயும். நன்றாக ஆறின பின்பு, பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் இரு கோடுகளைப் பாருங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் அதை உடையவரிடம் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து துருப்பிடிக்கச் செய்யும், அவர் அதை மாற்ற வேண்டும்.

4. பிரேக் ஆயில். நாம் பிரேக் ஆயில் என்று அழைப்பதினாலேயே சிலர் அதை எண்ணெய் என்று நினைக்கிறார்கள். அது எண்ணெய் அல்ல. அந்தக் குப்பியில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் ஊதி, பிரேக் பிடிக்காமல் போகும், உயிருக்கே ஆபத்து. மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகையை மட்டும், முத்திரை உடையாத புதுக் குப்பியிலிருந்து ஊற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. மேலும், அதன் மட்டம் குறைந்தால் பிரேக் பட்டைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசியலாம். சும்மா ஊற்றி நிரப்பினால் குறை மறையும், தீராது. முதலில் உடையவருக்குச் சொல்லுங்கள்.

5. பாட்டரி. மூடி திறக்கும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ, ஆசிடோ ஊற்றாதீர்கள்.

6. எரிபொருள். பெட்ரோலா டீசலா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் எஞ்சினை இயக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்குப் பின் வந்த சில டீசல் வண்டிகளில் நீலமூடியுடன் தனித் தொட்டி ஒன்று உண்டு. அது யூரியாக் கரைசலுக்கானது, அதில் டீசல் ஊற்றலாகாது.

7. கண்ணுக்குத் தெரியாத செலவுகள். சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் வழியாகக் கழிவது உடையவருடைய பணம். வேகமாய் ஓட்டியதற்குக் காமிரா எழுதும் அபராதமும் அவருடைய எண்ணுக்கே போகும். திரும்பக் கொடுக்கும்போதே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். பிறகு அபராதம் வந்தால் அதையும் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

வண்டியைக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்கிறவனுக்கு முகங்கோணாதிருக்க ஆண்டவர் போதித்தார் (மத். 5:42). ஆயினும் உங்கள் வண்டியின் குறைகளை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். உரிமம் இல்லாதவருக்கு வண்டி கொடுப்பது சட்டப்படி உங்கள் மேலேயும் குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் கொடுத்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பெற்றோருக்கோ உடையவருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். காப்பீடு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அன்பு என்ற பெயரில் ஆபத்தைக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, நம் ஆண்டவரைப் பாருங்கள். ஜனங்களுக்குப் போதிக்க அவர் சீமோனுடைய படகைக் கேட்டு வாங்கினார் (லூக். 5:1-7). பிரசங்கம் முடிந்ததும் நன்றி சொல்லி இறங்கிப் போய்விடவில்லை. இராமுழுவதும் பிரயாசப்பட்டும் வெறுமையாயிருந்த அந்தப் படகை மீன்களால் நிரப்பிக் கொடுத்தார். வாங்கினதைவிட நல்ல நிலையில் திருப்பிக் கொடுப்பதே கிறிஸ்துவின் சிந்தை. வேறொருவனுடைய காரியத்தில் உண்மையாயிராதவனிடம் அவனுக்கென்று சொந்தமானதை யார் ஒப்புவிப்பார் என்று கேட்டவரும் அவரே (லூக். 16:12). சொந்த வண்டிக்காக ஜெபிக்கிற குடும்பங்களே, இரவல் வண்டியில் நீங்கள் எப்படியிருக்கிறீர்கள்?

சில மாதங்களுக்குப் பின் மறுபடியும் வரதய்யபாளையம் போக வேண்டியிருந்தது. நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. அவரே சனிக்கிழமை இரவு வண்டியோடு வந்து நின்றார். சாவியைக் கொடுக்கவில்லை. முதலில் இருக்கையைத் தூக்கினார். கம்பியை உருவித் துடைத்து என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க ஐயா" என்றார். தெருவிளக்கு வெளிச்சத்தில் இருவருமாகப் பார்த்தோம். எண்ணெய் மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. அதன் பின்பே சாவியைக் கொடுத்தார்.

இதை வாசிக்கிற உங்களிடத்தில், வெறும் காம்பாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட ஏதேனும் ஒரு கோடரி உண்டா? வண்டியாயிருக்கலாம், தையல் இயந்திரமாயிருக்கலாம், கலியாணத்துக்கு வாங்கிப் போட்ட நகையாயிருக்கலாம். இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போங்கள். விழுந்த இடத்தைக் காண்பியுங்கள். மிதக்கச் செய்கிறவர் கர்த்தர்.

ஜெபிப்போம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, பிறருடைய பொருளில் உண்மையாயிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். நாங்கள் மறைத்தவைகளை அறிக்கையிடத் தைரியம் தாரும். எங்களால் நஷ்டமடைந்தவர்களுக்கு, நாங்கள் ஈடு செய்ய முடியாததை நீரே ஈடு செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்து, உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.